வாடல் எதிர்ப்பு மரபணுவைத் தேடுவது: வயலில் தொடங்கி ஆய்வகம் வரை, படிப்படியாக

வாடல் நோய் விழுந்த வயலில் நாலு செடி மட்டும் பச்சையாக நின்றால், அதில் எதிர்ப்புத் திறன் இருக்கிறது என்று விதை எடுத்து வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த பருவத்தில் அந்த விதையில் வந்த செடிகளும் சாய்ந்துவிடும். அந்த நாலில் பல செடிகள் நோயைத் தாங்கியிருக்காது. பூஞ்சை அவற்றின் வேரைத் தொடாமல் போயிருக்கும், அவ்வளவுதான். தப்பிய செடி எது, தாங்கிய செடி எது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் மரபணுவைப் பற்றிப் பேசவே முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வரிசையில் இருக்கின்றன.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்காளி பெரிய பயிர் இல்லை. கத்தரி, பாகல், புடலை, பயறு, வெள்ளரி, வெண்டைதான் அதிகம். ஆனாலும் முதல் தடவை செய்பவர் தக்காளியில் தொடங்குவது நல்லது. ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடலுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் தக்காளியில்தான் தெளிவாக அறியப்பட்டுள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயமான ரகங்களும் இருக்கின்றன. கை பழகியபின் இதே வரிசையில் கத்தரிக்கோ பாகலுக்கோ போகலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் விதை. சோதிக்க நினைக்கும் ரகத்தோடு கூட, கட்டாயம் நோய் வாங்கும் ஒரு ரகமும், கட்டாயம் தாங்கும் ஒரு ரகமும் வேண்டும். தக்காளியில் பானி பெஸ்ட், மனிமேக்கர் இரண்டிலும் ஃபியூசேரியம் எதிர்ப்பு மரபணு கிடையாது. வால்டரில் ஐ, ஐ-2 என்ற எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டும் உண்டு. ஐ3ஆர்-3 என்ற வழியில் (தூய விதைவரிசை) இவற்றோடு ஐ-3-உம் இருக்கிறது. இந்த ஒப்பீட்டு ரகங்கள் கிடைக்காமல் சோதனையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். அவை இல்லாமல் வரும் முடிவை எதனோடும் வைத்துப் பார்க்க முடியாது.

விதைப் பாக்கெட்டில் உள்ள ரேஸ் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். எந்த எதிர்ப்பு ரகத்தை வாட்டும் என்பதை வைத்துப் பூஞ்சையைப் பிரிக்கும் உள்வகைதான் ரேஸ். இந்தப் பூஞ்சையின் மூன்று ரேஸ்களை அமெரிக்க வழக்கில் 1, 2, 3 என்று சொல்கிறார்கள். பன்னாட்டு விதை நிறுவனங்களின் குறியீட்டில் அவையே 0, 1, 2. ஆகவே ஒரு பாக்கெட்டில் உள்ள ‘1’ இன்னொன்றில் ‘2’ ஆக இருக்கும். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு பருவத்தையே இழந்தவர்கள் உண்டு.

அப்புறம் மண் கலவை. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் போதும். நம் ஊரில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே நிரப்பப் பார்ப்பார்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பும் டானினும் இருப்பதால் நாற்று மஞ்சளாகும், அதை நோய் என்று எழுதிவிடுவீர்கள். மக்கிய நார்க்கழிவில் டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சை வளர்ந்திருந்தால் அது நீங்கள் ஊட்டும் பூஞ்சையைத் தின்றுவிடும். எந்தக் கலவையானாலும் 121 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த இரண்டு நாள் அவித்து எடுங்கள். முதல் நாள் சூட்டில் தப்பும் ஸ்போர்கள் (நுண்ணுயிர்களின் வித்துகள்) இரவில் முளைவிடும், இரண்டாம் நாள் சூட்டில் சாகும்.

கால அளவையும் முன்பே கணக்கிடுங்கள். படி 2 முதல் 6 வரை மூன்று மாதம் பிடிக்கும். கலப்பு செய்து எஃப்2 (கலப்பின் இரண்டாம் தலைமுறை) வரை போக இன்னும் இரண்டு பருவம்.

2. அது ஃபியூசேரியம்தானா என்று உறுதி செய்யுங்கள்

மிக அதிகமான தவறு நடப்பது இங்கேதான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஈரமும் வெப்பமும் அமில மண்ணும் சேர்ந்த இடத்தில் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடல் சாதாரணம். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு வாடலும் ஒன்றுபோல்தான் தெரியும்.

தோவாளைப் பக்கம் ஒரு கத்தரி வயலுக்கு மாணவர் ஒருவரோடு போயிருந்தேன். வயல்காரர் ஒரு செடியைப் பிடித்துக் காட்டி, “நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா நின்னுது மக்கா, காலையில பாத்தா தல சாஞ்சு கெடக்கு” என்றார். “இலை மஞ்சளாச்சா மாமா?” என்று மாணவர் கேட்டார். “எங்க மஞ்சளாச்சு, பச்சையாத்தான் சாஞ்சுது.” பாதி விடை அதிலேயே இருந்தது. தண்டின் அடிப்பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் நீரில் படும்படி பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் வெட்டுவாயில் இருந்து ஊதுபத்திப் புகைபோல் ஒரு வெள்ளை இழை நேராகக் கீழே இறங்கியது. அது பாக்டீரியா. மாணவர் அந்த வயலில் இருந்து ஃபியூசேரியம் எடுக்கத்தான் பை நிறைய மாதிரிப் பைகளோடு வந்திருந்தார்.

ஃபியூசேரியம் வாடலின் போக்கு வேறு. அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும், சில நேரம் ஒரே இலையின் ஒரு பாதி மட்டும். பகலில் வாடி இரவில் தேறி, பல நாள் இழுத்துத்தான் சாகும். தண்டை நீளவாக்கில் பிளந்தால் தோலுக்கு உட்புறம் நீர்க்குழாய் நெடுகப் பழுப்புக் கோடு தெரியும், நடுச்சோறு வெள்ளையாகவே இருக்கும். தம்ளர் நீரில் இழை இறங்காது.

வேரையும் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. நூற்புழு குத்திய வேரில் எதிர்ப்பு ரகம்கூட ஃபியூசேரியத்துக்கு இடம் கொடுத்துவிடக்கூடும் என்பதால் அந்தச் செடியைப் பட்டியலில் இருந்து நீக்குங்கள்.

3. பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அதுதான் குற்றவாளி என்று நிரூபியுங்கள்

மாதிரியை வேர் அழுகலில் இருந்து எடுக்காதீர்கள். செத்த வேரில் மண்ணில் வாழும் எல்லாப் பூஞ்சையும் குடியேறியிருக்கும். தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்புக் கோடு உள்ள தண்டில் இருந்து எடுங்கள். அவ்வளவு உயரம் நீர்க்குழாய் வழியாக ஏறியது நோய்க்காரணிதான் என்று நம்ப அதிகக் காரணம் உண்டு.

தோலைச் சீவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, ஒற்றி எடுத்து, உருளைக்கிழங்கு அகார் தட்டில் வையுங்கள். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம். வெள்ளைப் பஞ்சாக வளர்ந்து, தட்டின் அடியில் ஊதாச் சாயல் வந்தால் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரமாக இருக்கலாம். நுண்ணோக்கியில் அரிவாள் வடிவப் பெரிய ஸ்போர்களும், குட்டைக் காம்பின் நுனியில் கொத்தாகச் சிறிய ஸ்போர்களும் தெரிய வேண்டும். காம்பு நீளமாக இருந்தால் அது சொலானி என்ற வேறு இனம்.

ஒற்றை ஸ்போரில் இருந்து வளர்த்தெடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தட்டில் இரண்டு வகை கலந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு முடிவு வரும், காரணமும் பிடிபடாது.

இனி நிரூபணம். நம் ஊரில் வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்திலேயே காய்கறி போடுவார்கள். வாழை வாடலுக்கும் தக்காளி வாடலுக்கும் காரணம் ஒரே இனப் பூஞ்சை, ஆனால் தனித்தனிச் சிறப்பு வடிவங்கள். ரசகதலியைக் கொல்லும் வடிவம் தக்காளியில் வாடலை உண்டாக்காது. நுண்ணோக்கியில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. நோயே உண்டாக்காத ஆக்ஸிஸ்போரம் வகைகளும் மண்ணில் ஏராளம். எனவே எடுத்த பூஞ்சையைப் பத்து மனிமேக்கர் நாற்றுகளில் ஊட்டி, வாடல் வந்து, அந்தச் செடியில் இருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்தால்தான் அது உங்கள் பூஞ்சை.

4. எந்த ரேஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் மரபணுவின் வேலை புரிந்திருந்தால் மற்றதெல்லாம் எளிதாகும். பூஞ்சை நீர்க்குழாய்க்குள் நுழைந்ததும் சில சிறிய புரதங்களைச் சுரக்கும். செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றும் அதில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும் காவலாளி. ஐ மரபணு அவ்ர்1 என்ற புரதத்தையும், ஐ-2 அவ்ர்2-வையும், ஐ-3 அவ்ர்3-ஐயும் பிடிக்கும். பிடித்தவுடன் செடி அந்தக் குழாயை அடைத்துப் பூஞ்சையைச் சிறைப்படுத்தும்.

பூஞ்சை அவ்ர்1-ஐத் தொலைத்துவிட்டால் ஐ மரபணுவின் கண்ணில் படாது, ரேஸ் 2 ஆகிவிடும். அவ்ர்2-விலும் மாற்றம் வந்தால் ரேஸ் 3. இதில் என்னை ஆழமாக யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஐ மரபணுவிடம் காட்டிக்கொடுக்கும் அதே அவ்ர்1, ஐ-2, ஐ-3 இரண்டின் வேலையையும் அமுக்கக் கூடியது. ரேஸ் 1-இல் அவ்ர்2, அவ்ர்3 இரண்டும் இருந்தும், ஐ-2 அல்லது ஐ-3 மட்டும் உள்ள செடி அதற்குப் பிடிகொடுத்துவிடுவது இதனால்தான். எந்த மரபணுவை எதோடு சேர்ப்பது என்பதில் கவனம் தேவைப்படுவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது: உங்கள் பூஞ்சையைப் பானி பெஸ்ட், ஐ மட்டும் உள்ள ஒரு ரகம், வால்டர், ஐ3ஆர்-3 நாலிலும் ஊட்டுங்கள். பானி பெஸ்ட் மட்டும் வாடினால் ரேஸ் 1. ஐ ரகமும் வாடினால் ரேஸ் 2. வால்டரும் வாடி ஐ3ஆர்-3 மட்டும் நின்றால் ரேஸ் 3. இதைத் தெரிந்துகொள்ளாமல் “என் ரகம் எதிர்ப்புத் திறன் உள்ளது” என்று எழுதினால், எதற்கு எதிர்ப்பு என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

5. நோய் ஊட்டுதல்

நாற்றுக்கு இரண்டு அல்லது மூன்று உண்மையான இலை வந்திருக்க வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் நாற்றழுகல் தாக்கும், முற்றியிருந்தால் நோய் மெதுவாக வரும்.

ஸ்போர்களைத் திரவ ஊடகத்தில் வளர்த்திருந்தால் இரட்டை மல் துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் ஊடகத்தைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த ஸ்போர்களைச் சுத்த நீரில் கரையுங்கள். ஊடகத்தோடு அப்படியே பயன்படுத்தினால் அதில் உள்ள ஃபியூசாரிக் அமிலமே இரண்டு நாளில் நாற்றை வாட்டிவிடும். இரண்டே நாளில் ‘நோய்’ வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான வாடலின் முதல் அறிகுறிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

எண்ணிக்கையை ஹீமோசைட்டோமீட்டரில் பாருங்கள். நடுவில் உள்ள பெரிய சதுரத்தில் எண்ணியதை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லியில் உள்ள ஸ்போர் கிடைக்கும். நமக்கு வேண்டியது மில்லிக்கு 10 லட்சம், அதாவது அந்தச் சதுரத்தில் 100.

நாற்றை மெதுவாகப் பிடுங்கி வேரை அலசி, நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, ஸ்போர் நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, உடனே நட்டுவிடுங்கள். வேரை வெட்டுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் எல்லா நாற்றுக்கும் ஒரே அளவு வாசல் திறந்துவிட்டால்தான், தப்பிக்கும் வாய்ப்பை ஒழிக்க முடியும். ஒவ்வொரு ரகத்திலும் சில நாற்றுகளை இதேபோல் வெட்டி வெறும் நீரில் நிறுத்தி நடுங்கள். இவை வாடினால் குற்றம் உங்கள் கையிலோ மண்ணிலோ இருக்கிறது.

மாணவர் ஒருவர் காலையில் கரைத்த ஸ்போர் நீரைச் சாப்பாட்டுக்கு முன் பாதி நாற்றுக்கும், மூன்று மணிக்குமேல் மீதிக்கும் பயன்படுத்தினார். இடையில் குலுக்கவும் இல்லை. ஸ்போர்கள் பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டன. பிற்பகல் நட்ட இருபது மனிமேக்கரில் ஒன்பது செழிப்பாக நின்றன. அன்று நட்ட எல்லாத் தட்டுகளையும் கொட்ட வேண்டியதாயிற்று. கரைத்ததை அன்றைக்கே, குலுக்கிக்கொண்டே, ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

மண்ணின் வெப்பம் 28 டிகிரி அருகில் இருந்தால் நோய் நன்றாக வரும். நம் மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி இது கஷ்டமில்லை. அடைமழை நாட்களில் மட்டும் சுணங்கும். திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் வைத்துச் செய்பவர்கள் ஜூன், ஜூலையைத் தவிர்ப்பது உத்தமம்.

6. மதிப்பெண் போடுதல்

21-ஆம் நாளும் 28-ஆம் நாளும் பாருங்கள். 0 என்றால் எந்த அறிகுறியும் இல்லை. 1 என்றால் லேசான மஞ்சள் அல்லது அடித்தண்டில் மட்டும் பழுப்பு. 2 என்றால் பழுப்பு மேலேறி இலைகள் வாடியது. 3 என்றால் பெரும்பாலான இலைகள் வாடியது. 4 என்றால் செத்தது.

வெளியே பார்த்து மட்டும் 0 போடாதீர்கள். கடைசி நாளில் எல்லாச் செடியையும் பிளந்து பார்க்க வேண்டும். விதைக்காகக் காப்பாற்ற வேண்டிய செடி என்றால் பக்கக் கிளை ஒன்றை வெட்டிப் பாருங்கள், நுனித்தண்டை வெட்டி வேர்விடச் செய்தும் காப்பாற்றலாம். நின்ற செடியின் தண்டுத் துண்டுகளைப் பல உயரங்களில் எடுத்து அகாரில் வையுங்கள். பூஞ்சை அடித்தண்டோடு நின்றிருந்தால் செடி தடுத்திருக்கிறது. உச்சி வரை ஏறியும் செடி பச்சையாக இருந்தால் அது நோயைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இரண்டும் வேறு வேறு மரபியல். எங்குமே பூஞ்சை கிடைக்காவிட்டால், அந்தச் செடியை மறுபடி சோதிக்காமல் எதிலும் சேர்க்காதீர்கள்.

நோய் வாங்கும் ரகத்தில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் தப்பியிருந்தால், நான் அந்தச் சோதனையையே ஏற்பதில்லை.

7. கலப்பும் விகிதமும்

எதிர்ப்புச் செடியையும் நோய் வாங்கும் செடியையும் கலந்து எஃப்1 எடுத்து, அதைத் தன்மகரந்தத்தில் விட்டு எஃப்2 விதை எடுங்கள். ஒரே ஓங்கு மரபணு என்றால் எஃப்1 முழுதும் நிற்கும், எஃப்2-வில் மூன்றுக்கு ஒன்று என்று பிரியும்.

ஒரு கணக்கு: எஃப்2-வில் 96 செடி. எதிர்பார்ப்பது 72 நிற்க, 24 வாட. உங்களுக்கு 68 நின்று 28 வாடியது என்று வையுங்கள். வித்தியாசம் 4, அதன் வர்க்கம் 16. 16-ஐ 72-ஆல் வகுத்தால் 0.22, 24-ஆல் வகுத்தால் 0.67, கூட்டினால் 0.89. இது கை-வர்க்கச் சோதனையின் எல்லையான 3.84-க்குக் கீழே இருப்பதால் மூன்றுக்கு ஒன்று என்ற கருத்தோடு முரண்படவில்லை.

இருபது, முப்பது செடி வைத்து இதைச் செய்யாதீர்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் பல விகிதங்கள் பொருந்துவதுபோல் காட்டும். நின்ற எஃப்2 செடிகளின் விதையைத் தனித்தனியாக எஃப்3 குடும்பங்களாகப் போட்டுச் சோதியுங்கள். எஃப்2-வில் தப்பித்து வந்த செடி இங்கே கட்டாயம் பிடிபடும், அதன் பிள்ளைகள் அத்தனையும் வாடும்.

விகிதமே அமையாமல் 0 முதல் 4 வரை எல்லா மதிப்பெண்ணும் பரவியிருந்தால், சிறு சிறு பங்களிப்புள்ள பல மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பொருள் கொள்ளலாம். அதை வலிந்து மூன்றுக்கு ஒன்றில் அடைக்காதீர்கள்.

8. மார்க்கர் சோதனை

மார்க்கர் என்பது மரபணுவுக்குள்ளோ பக்கத்திலோ இருந்து அது இருப்பதைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம். இளம் இலையை நோய் ஊட்டும் முன்பே எடுத்து எண் போட்டு உறைய வையுங்கள். செத்த செடியில் இருந்து நல்ல டி.என்.ஏ. வராது, ஆனால் செத்த செடியின் தகவல்தான் உங்களுக்கு அதிகம் தேவை.

மார்க்கரும் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாத செடிகளை ஒதுக்காதீர்கள். மார்க்கர் மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி இருந்தால் இடையில் குறுக்குமாற்றம் நடந்திருக்கும். மார்க்கர் மரபணுவுக்குள்ளேயே இருந்தும் ஒத்துப்போகாவிட்டால், ஐந்தாம் ஆறாம் படிக்குத் திரும்பிப் பாருங்கள்.

ஐ, ஐ-2 இரண்டும் 11-ஆம் குரோமோசோமில் உள்ளன, சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் என்ற காட்டுத் தக்காளியில் இருந்து வந்தவை. ஐ-3 இருப்பது 7-இல், சொலானம் பென்னெல்லியில் இருந்து வந்தது. ஐ-3 உடன் ஒட்டி வந்த காட்டுத் துண்டு பெரிதாக இருந்தால் காய் சிறுக்கும், பாக்டீரியப் புள்ளி நோயும் கூடும். மழை மிகுந்த நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அந்தத் துண்டு சுருக்கப்பட்ட வழிகளையே தேடி வாங்குங்கள்.

9. மரபணு எப்போது இயங்குகிறது என்று பார்ப்பது

எதிர்ப்பு மரபணுவின் இயக்க அளவு நோய் வந்ததும் பல மடங்கு ஏறும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். காவலாளி எப்போதும் குறைந்த அளவில் வாசலில் இருப்பவன். மாற்றம் தெரிவது அவன் கூப்பிட்டபின் ஓடிவரும் மரபணுக்களில்: சாலிசிலிக் அமில வழி, பி.ஆர். என்ற தற்காப்புப் புரதங்கள், குழாய்ச் சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் வழி. அளக்க வேண்டியது அவற்றை.

நாலு குழு வேண்டும்: எதிர்ப்பு ரகம், நோய் வாங்கும் ரகம் ஒவ்வொன்றிலும் பூஞ்சை ஊட்டியது ஒன்று, வெறும் நீர் ஊட்டியது ஒன்று. வேரை வெட்டியதே செடியில் பல மரபணுக்களை எழுப்பிவிடும் என்பதால் வெறும் நீர்க் குழு இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. 0, 24, 48, 72 மணி நேரங்களில் வேரையும் அடித்தண்டையும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். இலையை எடுப்பதில் பயனில்லை, போர் நடப்பது வேரிலும் தண்டிலும்தான்.

தனித்தனிச் செடிகளில் இருந்து குறைந்தது மூன்று மாதிரி. ஒரே ஆர்.என்.ஏ.-வை அளவிடும் தட்டின் மூன்று குழியில் ஊற்றினால் அது ஒரு மாதிரிதான். எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இயங்கும் ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டின் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வையுங்கள்.

10. வயலுக்குக் கொண்டுபோகும்போது

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சரளைச் செம்மண் அமிலத் தன்மை உடையது. அமில மண்ணும் அம்மோனியா உரமும் ஃபியூசேரியத்துக்குச் சாதகம். மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு இட்டு 6.5-க்கு மேல் பி.எச். கொண்டுவந்தால் மரபணுவின் சுமை குறையும்.

நூற்புழுவுக்காக எம்.ஐ. மரபணு உள்ள தக்காளி போடுபவர்கள், மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு தளர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் மூடாக்கு இல்லாத விளையில் இது நடக்கும்.

கத்தரிக்கு, எதிர்ப்பு ரகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேலியோரம் நிற்கும் சுண்டையிலேயே பூஞ்சை வாடலையும் பாக்டீரியா வாடலையும் தாங்கும் வேர் இருக்கிறது. சுண்டை விதை சுணங்கித்தான் முளைக்கும். ஜிப்பரெல்லிக் அமிலத்தில் ஊறவைத்து, கத்தரிக்கு மூன்று வாரம் முன்பே போட்டால்தான் ஒட்டுக் கட்டும்போது இரண்டு தண்டும் ஒரே பருமனாக இருக்கும். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மண் அணைக்கும்போது மூடிவிட்டால் கத்தரித் தண்டு தானே வேர்விட்டு நோயை இழுத்துக்கொள்ளும். பாகலுக்குப் பீர்க்கு வேர்ச்செடி இதேபோல் உதவும்.

11. வேலை முடிந்த அன்றே செய்ய வேண்டியது

ஊட்டிய செடி, தொட்டி மண், தட்டு, அகார் எல்லாவற்றையும் அவித்துவிட்டுத்தான் வெளியே கொட்ட வேண்டும். தென்னை மூட்டில் கொட்டினால் என்ன என்று கேட்பார்கள். இந்தப் பூஞ்சையின் கெட்டிச் சுவர் ஸ்போர்கள் செடியே இல்லாத மண்ணிலும் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். மழைநீர் அவற்றைப் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும். மண்வெட்டி, செருப்பு, நாற்றுத் தட்டு எல்லாவற்றையும் ஹைப்போகுளோரைட் நீரில் கழுவுங்கள். ரேஸ் 3 கையில் இருக்கும்போது இதை இருமடங்கு கவனமாகச் செய்யுங்கள், பக்கத்து வயல்காரர் போட்டிருக்கும் ரகத்தில் ஐ-3 இருக்க வாய்ப்புக் குறைவு.